ஓடையில் விட்ட ஐந்து முட்டைகள்

நாமக்கல்,
வைகாசி 9, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகள் தமிழ்ச்செல்விக்கு,

உன் மாமனார் மாதையன் கோழிப்பண்ணை ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை மாரக்காள் சுகம். பன்னிரண்டாயிரம் கோழிகளும் இந்த வெயிலைத் தாங்கிக்கொண்டு ஓரளவு சுகம். அங்கே சீமையில் நீயும் என் மகன் குமரகுருவும் குளிரில் ஒன்றும் ஆகாமல் சுகமாக இருக்க ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதிவிடலாம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மானத்துக்குத்தான் போன மாதத்திலிருந்து முடியவில்லை.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்காகத் தபால் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் வீடியோ போடச் சொல்வாய். வீடியோ போட்டால் என் முகம் தெரியும். அந்த முகத்தை நானே பார்க்கப் பிடிக்காமல் சவரத்துக்குக் கடைக்குப் போனேன், அங்கேயும் எதிரிலேயே கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறார்கள். உங்களோடு வந்து தங்கிவிட்டு நாங்கள் ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. இந்த ஒரு மாதத்தில் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குமரகுருவைக் கேட்டால், செல்விக்கு வேலை அதிகம் என்கிறான். சனிக்கிழமை கேட்டாலும் வேலை, ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும் வேலை. மருந்துக் கடையில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நான் செய்த காரியத்துக்கு நீ பேசாமல் இருப்பதே பெரிய மரியாதை அம்மிணி, அதை நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு உபகாரம் செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தை நீ ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் ஊர்க் கமிட்டியார் முன்னால் ஒரு வரி விடாமல் வாசித்துவிடு. குற்றம் முழுக்க என்னுடையது, உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தால், சனிக்கிழமைதோறும் ஊரைச் சுற்றிக் காட்டுகிற அந்த வழிகாட்டிப் பொறுப்பை உனக்குக் கொடுக்காமல் இருக்க மனசு வராது. நீ அதற்கு ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். ஏழு வருடமாக அந்த ஊரில் இருந்தும், கடைக்காரரிலிருந்து எல்லாரும் உன்னிடம் எந்த ஊர் என்று கேட்கிறார்கள், இந்த ஊர்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள் என்று நீ உன் அத்தையிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். வழிகாட்டி ஆகிவிட்டால் அவர்களுக்கே அவர்கள் ஊரைப் பற்றி நீ சொல்லலாம், அப்புறம் யார் கேட்பார்கள் என்றாய். அந்த ஆசையில்தான் நான் மண்ணைப் போட்டேன். கமிட்டியாருக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

என் வெட்கக்கேடு முட்டையில் தொடங்கவில்லை, தோசையில் தொடங்கியது. நாங்கள் வந்து மூன்றாம் நாள், நீயும் குமரகுருவும் வேலைக்குப் போயிருந்தீர்கள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு அம்மாக்கள் கண்ணுக்குக் கையை மறைவாக வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சாப்பிடுகிறவன் வாசலில் நிற்கிறவரைப் பார்த்துவிட்டு, வாங்க சாப்பிடலாம் என்று சொல்லாமல் இருந்தால் நம் பக்கத்தில் சோறு தொண்டையில் இறங்காது. எழுந்து போய்க் கதவைத் திறந்து கூப்பிட்டேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கதவு திறந்தது தெரிந்தது. உள்ளே வந்தார்கள். அவர்கள் பின்னால் அவர்கள் வந்த பஸ்ஸும் இறங்கி வந்தது. மொத்தம் பதினோரு பேர். உன் அத்தை இரண்டு நாள் மாவையும் ஊற்றித் தீர்த்தாள். தோசைக்கல்லைப் படம் எடுத்தார்கள், ஹீட்டர் மேல் காய்ந்த என் பனியனைப் படம் எடுத்தார்கள், ஒருவர் மாடிக்கே போய்ப் படுக்கையைப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போது மேசை மேலிருந்த டம்ளரில் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள். அது என்ன காட்சிசாலை என்று நினைத்தார்களோ தெரியாது. சாயங்காலம் நீ வந்து டம்ளரைப் பார்த்தாய். கோபப்படவில்லை.

"மாமா, இந்த ஊர்ல ஜன்னல்ல எட்டிப் பாக்கறவங்கள எல்லாம் உள்ள கூப்பிட ஆரம்பிச்சா, ஞாயித்துக்கிழமைக்குள்ள நாம வெளியில நிக்கணும்" என்றாய். அவ்வளவுதான். நான் அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நீ தினமும் சாயங்காலம் சமையலறையில் என்னை முன்னால் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாய். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டியார் வைத்த சனிக்கிழமை வெள்ளோட்டத்துக்கு வரப்போகிற இருபத்திரண்டு பேருக்கும் நான் ஒருவனே ஆள். நீ தமிழில் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். அந்தக் காலத்தில் பணக்காரர்கள்தான் ஊர் சுற்றினார்கள், அதுவும் வைத்தியர் சொன்னால்தான். இன்ன ஊர் ஊற்றுத் தண்ணீரைக் குடித்தால் மூட்டு வலி போகும் என்று ஒரு வைத்தியர் சொல்ல, அந்தத் துருப்பிடித்த தண்ணீருக்காக ஊரே பெரிய ஊராகிவிட்டது என்றாய். எங்கள் பண்ணை போர்வெல் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும், எந்த வைத்தியரும் வரவில்லையே என்று குறுக்கே பேசினேன். பிறகு இன்னொரு வைத்தியர் கடலில் முங்கினால் நல்லது, கடல் தண்ணீரைக் குடித்தால் இன்னும் நல்லது என்றாராம், மீன் பிடிக்கிற குப்பங்களெல்லாம் மாளிகை கட்டிக்கொண்டன. அப்புறம் ரயில் வந்தது. வடக்கே மில் ஊர்களில் வருடத்துக்கு ஒரு வாரம் மொத்த ஊருக்கும் ஒன்றாக விடுமுறை விட்டு, தறி ஓட்டுகிறவர்களெல்லாம் குடும்பத்தோடு ரயிலேறிக் கடற்கரைக்குப் போனார்கள் என்று நீ சொன்னபோது, ஆடிப் பதினெட்டுக்குக் குமாரபாளையத்தில் தறியை நிறுத்திவிட்டு மேட்டூருக்குப் போகிற மாதிரியா என்று கேட்டேன். ஆமாம் மாமா, அதையே சொல்லிடறேன் என்றாய். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் ஊர்க் கதைதான் எனக்கு மனசில் தைத்தது. ஒரு காலத்தில் ஆட்டு ரோம வியாபாரத்தில் கொழித்த ஊர். அந்தப் பணத்தில்தான் அந்தக் கல் வீடுகளும் சர்ச்சும் கட்டினார்கள். பிறகு தறி எல்லாம் நீராவி மில்லுக்குப் போய்விட்டது, ஊர் நொடித்தது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஒருவரிடமும் காசில்லை, அதனால் அப்படியே நின்றது. இருநூறு வருடம் கழித்துச் சைக்கிளில் வந்தவர்கள், அப்புறம் காரில் வந்தவர்கள், அடடா எவ்வளவு அழகு என்றார்கள். ஓவியர்கள் வரைந்தார்கள், படத்தைப் பிஸ்கட் டப்பா மேல் போட்டார்கள், சினிமா எடுத்தார்கள், இப்போது எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கஷ்டப்பட்ட ஊரைப் பார்க்கவா இத்தனை கூட்டம் என்று கேட்டேன். கஷ்டம் மறந்துபோன பிற்பாடு வருவாங்க மாமா என்றாய். அந்தப் பதிலுக்கே உனக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கலாம்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை கூசுகிறது. எதிர்வீட்டு டாரத்தி அம்மாவைப் பற்றிக் கமிட்டியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவரும் கமிட்டிதான். நான் வந்த அன்று சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டு, இறந்துபோன தன் வீட்டுக்காரருடைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டவர். எண்பது வயது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். உன் இடத்துக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் போட்டி போடுகிறார், அவர் டாரத்தி அம்மாவோடு சீட்டாடுகிறவர் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் குமரகுரு பேச்சுவாக்கில் சொன்னான். அவன் சும்மா சொன்னான். நான்தான் சும்மா கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை நீ வெள்ளோட்டத்துக்கு எட்டு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாய். குமரகுரு குளித்துக்கொண்டிருந்தான். நான் வாசலுக்கு வந்து பார்க்கிறேன், எதிரே மூன்று பாதை கூடுகிற இடத்தில், டாரத்தி அம்மா வீட்டு கேட்டை ஒட்டி ஒரு சின்ன மேசை. முந்தின நாள் வரை அது அங்கே இல்லை. மேசை மேல் சிவப்புத் துணி. துணி மேல் வைக்கோல். வைக்கோலில் ஐந்து நாட்டு முட்டை. பக்கத்தில் மஞ்சள் பூக் கொத்து, வாய் கிழித்த ஒரு தகர டப்பா. மேசை நேராக உன் வாசலைப் பார்த்திருந்தது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. காலண்டரைப் பார்த்தேன், அமாவாசை.

கமிட்டியாரே, நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. நாற்பது வருடமாக முட்டை வியாபாரம் செய்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை மந்திரவாதிகள் என்னிடம்தான் வருவார்கள். யாருக்கோ செய்வினை வைக்க, முச்சந்தியில் போட, முட்டை கேட்பார்கள். அவர்களைக் கேலி பேசி அனுப்பியிருக்கிறேன், காலையில் முச்சந்தியில் முட்டை கிடந்தால் வண்டியை அதன் மேலேயே ஏற்றியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் சிரித்த ஆள் நான். ஆனால் அங்கே கிடந்த முட்டையெல்லாம் இன்னொருவன் வாசலுக்கு வைத்தவை. உன் வாசலைப் பார்த்து, அதுவும் நீ பரீட்சைக்குப் போன அன்றைக்கு வைத்த முட்டையைக் கண்டதும் நாற்பது வருடத்துச் சிரிப்பும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டது.

உன் அத்தை பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க, அந்த டப்பா மேல என்னமோ எழுதியிருக்குது. குமரனக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிப்போட்டு அப்பறம் தொடுங்க" என்றாள். அவள் சொன்னதை ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ சும்மா இரு என்று அடக்கிவிட்டு, உள்ளே போய் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து மேசையைச் சுற்றித் தெளித்தேன். இடது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு முட்டை, பூ, துணி, டப்பா எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக்கொண்டேன். இப்படிப்பட்டதை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும், விட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஊர் நடுவில்தான் ஓடை இருக்கிறதே. பாலத்துக்குப் பக்கத்தில் குனிந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டேன். துணியும் பூவும் போயின. கடைசியில் டப்பாவை விட்டேன்.

திரும்பிப் பார்க்காமல் வந்திருக்க வேண்டும். ஆனால் முட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பார்க்காமல் வர எனக்குப் பழக்கமில்லை. பார்த்தேன். ஐந்தும் அடியில் போய்ப் பட்டென்று படுத்துக்கொண்டன. ஒன்றுகூடத் தூக்கி நிற்கவில்லை, மிதக்கவில்லை. அம்மிணி, இப்படி அடியில் படுத்தால் அது அன்றைக்கு இட்ட முட்டை. செய்வினைக்கு எவனும் அன்றைக்கு இட்ட முட்டையை வாங்க மாட்டான், கழித்துப் போட்டதைத்தான் பாதி விலைக்குக் கேட்பான். இது யாரோ சாப்பிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்த முட்டை. எனக்கு அது விளங்கின அதே நொடியில் தலைக்கு மேலே உன் குரல் கேட்டது.

நீ பாலத்தின் மேல் நின்றிருந்தாய். இருபத்திரண்டு பேரும் நின்றிருந்தார்கள். கமிட்டியிலிருந்து டாரத்தி அம்மாவும் ஒரு பெரியவரும் நின்றிருந்தார்கள். நீ என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று குமரகுரு பிற்பாடு சொன்னான். எத்தனை கூட்டம் வந்தாலும் இந்த ஊரின் நேர்மை மாறவில்லை, டாரத்தி அம்மா குளிர்காலம் முடிந்ததும் முட்டையை மேசையில் வைத்துவிட்டுக் காவலில்லாமல் போய்விடுவார், எடுத்துக்கொள்கிறவர்கள் டப்பாவில் காசு போடுவார்கள், அதோ பாருங்கள் என்று கையை நீட்டினாயாம். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வெறும் மேசை. அப்புறம் கீழே பார்த்திருக்கிறார்கள். ஓடையில் நான்.

நீ மூன்று தரம் மாமா என்று கூப்பிட்டாய். காசு டப்பா மிதந்துகொண்டே பாலத்துக்கு அடியில் போனது, வாத்துகள் இரண்டு பக்கமும் வழிவிட்டன. கமிட்டிப் பெரியவர் ஷூவோடு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்தார். அத்தனை போனும் என் பக்கம் திரும்பியது. அப்போது நீ அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாய், எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நியாயமாக என்ன சொல்லியிருந்தாலும் எனக்குத் தகும். அந்தச் சிரிப்பு மட்டும் கோழித் தீவனம் அளக்கும்போதுகூடக் காதில் விழுகிறது.

டாரத்தி அம்மா அன்று மதியம் வீட்டுக்கு வந்து இன்னும் ஆறு முட்டையை என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனார். உன் அத்தை ஆம்லெட் போட்டாள். தட்டை எதிரே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று அவளைக் கேள். அடுத்த ஐந்து நாளும் நீ சோறு போட்டாய், துணி மடித்து வைத்தாய், ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பினாய், ஆனால் குனிந்த தலை நிமிரவில்லை. ஊருக்கு முன்னால் நான் கோமாளி ஆனதுகூடப் பெரிதில்லை. கோட்டைக் கொடுத்தவருக்குச் சூனியக்காரி பட்டம் கொடுத்தேன் பார், அதுதான் தூங்க விடவில்லை.

ஆகவே கமிட்டியாரே, என் மருமகள் தங்கமான பெண். உங்கள் ஊர்ச் சரித்திரம் உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தப்பு செய்தவன் நாமக்கல்லில் இருக்கிறான், இனி உங்கள் ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான். அவளுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

அம்மிணி, இதை மறக்காமல் வாசித்துவிடு. உனக்கும் குமரகுருவுக்கும் எல்லா நலமும் வளமும் நிறைய வேண்டும், சீக்கிரம் வீட்டில் தொட்டில் கட்ட வேண்டும் என்று உன் அத்தை சொல்லச் சொன்னாள், நானும் அதையே சொல்லி ஆசீர்வதிக்கிறேன். கெங்கவல்லியில் உன் அப்பா அம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை, என்ன முகத்தோடு செய்வது. அவர்களுக்கு என் வணக்கத்தை நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
தலை குனிந்து எழுதும் மாமனார்,
மாதையன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூடக் கமிட்டியாரிடம் வாசித்துவிடாதே. கவரை ஒட்டப்போகும் நேரத்தில் குமரகுரு போன் செய்தான். இந்தக் கடிதத்தை என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னதும் அலறிவிட்டான். "அப்பா, வேண்டாமுங்க, செல்வி பாலத்து மேல நின்னு என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். விருந்தாளி வருகிற நாளில் வீட்டுப் பெரியவர் ஐந்து முட்டையை ஓடுகிற தண்ணீரில் விடுவது எங்கள் நாமக்கல் வழக்கம், ஐந்தும் மூழ்கினால் வந்தவர்களுக்கெல்லாம் நல்லது நடக்கும், உங்களுக்காக என் மாமனார் செய்திருக்கிறார் என்று சொன்னாயாம். எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்களாம். நாங்கள் விமானம் ஏறிய மறுநாளே உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அன்றைக்குப் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இப்போது சனி ஞாயிறு இரண்டு நாளும் பஸ் பஸ்ஸாக வந்து, டாரத்தி அம்மாவிடம் முட்டை வாங்கி, வரிசையில் நின்று ஓடையில் விடுகிறார்களாம். என் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டுத்தான் நீ என்னோடு பேசவில்லையாம். நான் ஒரு மாதமாக உன்னை நினைத்து வெட்கப்பட, நீ ஒரு மாதமாக என்னை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாய். நடுவில் போன் பில்தான் மிச்சம்.

பொய்யைத் திருத்த வேண்டாம், நடக்கட்டும். மார்கழியில் பதினெட்டுப் பேர் அந்தச் சடங்கை நேரில் பார்க்க நாமக்கல்லுக்கே வருகிறார்களாம். மோகனூரில் காவிரி ஓடுகிறது, முட்டை நம்மிடம் இருக்கிறது, முகத்தை நேராக வைத்துக்கொள்ள இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் டாரத்தி அம்மாவிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லிவிடு, அவரை என்னவென்று நினைத்தேன் என்பது வரைக்கும். சொல்லிவிட்டு, அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதாதே.